ரகசிய அறைக்கு ஒரு கைநாட்டு

என் தங்கை ஜெயித்தவை இவை. முதல் வகுப்பைக்கூட முடிக்காமல் அரசாங்கத்தில் நிரந்தர வேலை. குடித்துவிட்டுக் கை நீட்டிய கணவனிடமிருந்து விடுதலை, அதுவும் அவனே பஞ்சாயத்துக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கொடுத்தது. சமையலறைக்குள்ளேயே குழாய் வைத்த வாடகை வீடு. தீயணைப்புத் துறையில் துணை இயக்குநராக இருந்த ஒருவரை அவருடைய சுழல் நாற்காலியிலிருந்து இறக்கியது. ஏணிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு நல்ல மனிதருக்கு அவருடைய ஏணியைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, தன் சொந்தப் பெயர்.

அவள் படிக்காமல் போனதற்குக் காரணம் ஒரு வாத்தியாரம்மா. தங்கைக்கு இடது கைப் பழக்கம். இடது கையால் எழுதினால் எழுத்து கோணலாகும், எழுத்து கோணினால் புத்தி கோணும் என்பது அந்த அம்மாளின் கண்டுபிடிப்பு. தங்கையின் தலை ரிப்பனை அவிழ்த்து அவளுடைய இடது கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிப் போட்டாள். வலது கையில் பென்சில் நிற்கவில்லை. "இவளுக்குப் படிப்பு ஏறாது, வீட்டு வேலைக்குப் பழக்குங்க" என்று எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு குழந்தையின் கையைக் கட்டிவிட்டு அதற்கு எழுத வரவில்லை என்று தீர்ப்புச் சொல்ல அந்த அம்மாள் எத்தனை வருடம் படித்திருப்பாள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அம்மா அதைக் கேட்டுத் தங்கையை நிறுத்திவிட்டாள். நான் எட்டாவது வரை போனேன். அதனால்தான் இதை எழுதுவது நானாக இருக்கிறேன்.

தங்கை தீயணைப்புத் துறையின் தலைமை அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கப் போனாள். அங்கே இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கோப்பு உண்டு. எப்போது சேர்ந்தார், எங்கெங்கே மாற்றினார்கள், என்ன தண்டனை, என்ன பாராட்டு, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் அதற்குள். கோப்பின் முதுகில் எண், முகப்பில் பெயர். சம்பந்தப்பட்டவர் தன் கோப்பைப் பார்க்கலாம். மேலதிகாரிகள் காரணம் சொல்லி எழுதி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். வேறு யாரும் தொடக் கூடாது. கோப்பு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. சட்டம் அப்படி.

சட்டத்தைக் காப்பாற்ற அந்த அதிகாரிகள் கண்டுபிடித்த வழியைத்தான் சொல்ல வேண்டும். நல்ல பூட்டு வாங்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அறைக்கு எழுதப் படிக்கத் தெரியாத ஆளைப் போடு என்றார்கள். படிக்கத் தெரிந்தவர் ரகசியத்தைப் படித்துவிடுவாராம். எண் மட்டும் தெரிந்தால் போதும், கோப்பை எடுத்துத் தரலாம். பெருக்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு செய்தித்தாளை நீட்டி, படி படி என்று சோதித்தார்கள். எல்லோரும் ஏதோ கொஞ்சமாவது படித்துவிட்டார்கள். என் தங்கை மட்டும்தான் தேறினாள். எதுவும் தெரியாததற்காக ஒருத்திக்குப் பதவி உயர்வு கிடைத்த இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். மேலே போகப் போக வேறு பலருக்கும் அதே தகுதியில்தான் கிடைத்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

வருடத்துக்கு ஒரு முறை தலைமை எழுத்தர் ஒரு தாளை அவள் முன்னால் வைத்து உரக்கப் படிப்பார். தனக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது என்று அவள் உறுதி சொல்வதாக அதில் இருக்கும். அடியில் மையில் தோய்த்துக் கட்டைவிரலை வைப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு அதனாலேயே 'கைநாட்டு' என்று பெயர். "கைநாட்டு, எரநூத்தி ஆறு எடு." "கைநாட்டு, தண்ணி கொண்டா." பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் ஏணிக்காரர் ஒருவர்தான். அவர் உயர ஏணி வண்டியில் போகிறவர். லீவு எத்தனை நாள் மிச்சம் என்று பார்க்க வருவார். வந்தால் செருப்பை வாசலில் விடுவார். "இங்க எங்க எல்லாரோட மானமும் அடுக்கி வச்சிருக்கும்மா" என்பார்.

தங்கைக்கு வெளியிலும் தொல்லை உண்டு. நாலு பேரின் ரகசியம் இருக்கிற அறையின் சாவி ஒருத்தியிடம் இருக்கிறது என்று தெரிந்தால் நாற்பது பேருக்கு மூக்கு வியர்க்கும். ஒரு நாள் தங்கை என் வீட்டில் இருந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் பவ்யமுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு குடுக்கப் போறேன்மா. பையன் தீயணைப்புல இருக்கான். தண்டனை கிண்டனை ஏதாவது வாங்கியிருக்கானான்னு சும்மா ஒரு பார்வை பாத்துச் சொன்னா போதும்."

"பையன்கிட்டயே கேளுங்களேன்."

"அவன் உண்மையைச் சொல்வானா?"

"சொல்ல மாட்டான்னு தோணுற பையனுக்கு ஏன் அண்ணே பொண்ணு குடுக்கறீங்க?"

அவர் எழுந்து போகும்போது, "படிக்கத் தெரியாத கழுதைக்கு எவ்வளவு திமிரு" என்று வாசலில் முணுமுணுத்தார். நான் கத்தரிக்கோலும் கையுமாக எழுந்தேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அவள் படிக்கக் கற்றுக்கொண்டது எனக்கே பல காலம் தெரியாது. நான் துணி தைத்துப் பிழைக்கிறவள். எனக்குக் கண் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பலகை எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிய நான் ஒவ்வொரு தாழ்வாரமாக அலைந்துகொண்டிருக்க, அவள் நேராகப் போய்க் கண் டாக்டரின் அறைக்கு முன்னால் நின்றாள்.

"யார்கிட்ட கேட்ட?"

"கதவுகிட்ட கேட்டேங்க்கா."

அப்புறம்தான் சொன்னாள். அலுவலகத்தில் ஒவ்வொரு அதிகாரியின் கதவிலும் பெயர்ப்பலகை. உள்ளே இருப்பவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தினமும் துடைக்கிற பலகை. பெயரின் ஒலியையும் எழுத்தையும் பொருத்திப் பார்த்திருக்கிறாள். இந்த எழுத்து அந்தக் கதவிலும் இருக்கிறதே என்று கதவு கதவாக நடந்திருக்கிறாள். அதிகாரிகளுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பலகை மாறும், அவளுக்குப் புது எழுத்து கிடைக்கும். அந்த ஆட்களால் பொதுமக்களில் ஒருவருக்காவது உருப்படியாக ஏதாவது கிடைத்தது என்றால் அது இதுதான்.

"அப்ப அந்தக் கோப்பையெல்லாம் படிப்பியாடி?" என்று கேட்டேன். எனக்கும் மூக்கு வியர்க்கத்தான் செய்தது.

"ஏங்க்கா, உன் கடைக்கு அளவு குடுக்க வர்றவங்க இடுப்பு எத்தனைன்னு நீ தெருவுல சொல்லுவியா?"

"நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியவும் வேணாம். அட்டையோட நிறுத்திக்குவேன்."

அட்டையோடுதான் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஆனால் கைநாட்டாகவே இருந்தாள். படிக்கத் தெரியும் என்று சொன்ன அன்றே அந்த வேலைக்கு அவள் லாயக்கில்லாதவள். வருடா வருடம் வைத்த கைநாட்டு பொய்க் கைநாட்டாகிவிடும்.

இனி அந்தத் துணை இயக்குநர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை மாடி ஏறி வந்துவிடும். அவர் போன பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். சாமான் வாங்குகிற பிரிவு அவரிடம் இருந்தது. புகைக்குள் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் முகமூடிகளைப் புதிதாக வாங்கினார். ஒரு கிடங்கில் தீப்பிடித்தபோது அதை மாட்டிக்கொண்டு போன இரண்டு பையன்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர் ஏணிக்காரர். முகமூடி சரியில்லை என்று மேலே எழுதியவரும் அவர்தான். மற்றவர்கள் டீக்கடையில் சொன்னதை அவர் தாளில் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அடுத்த வாரம் துணை இயக்குநர் ரகசிய அறைக்கு வந்தார். தலைமை எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்த நேரம்.

"நூத்திப் பதினேழு எடு. என்னோடது. சம்பள உயர்வு தேதி பாக்கணும்."

தங்கை எடுத்து வைத்துவிட்டுப் பதிவேட்டில் 117 என்று எண்ணை மட்டும் குறித்தாள்.

"தண்ணி கொண்டா. குளிர்ந்த தண்ணி. கீழ போய்க் கொண்டா."

அவள் திரும்பி வந்தபோது அவர் ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"சார், கோப்பு வெளிய போகக் கூடாது."

"என் சொந்தக் கோப்பு. நாளைக்கு நானே வச்சிடுவேன். போய்ப் பெருக்கு போ."

அந்த மனிதர் எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள். கைநாட்டுக்கு எண் தெரியும் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் எண் போட்ட முதுகுப் பக்கத்தைத் தன் விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். பெயர் எழுதிய முகப்பு அவளைப் பார்த்துக்கொண்டு போயிற்று. பெரிய எழுத்தில், ஏணிக்காரரின் பெயர். ஒரு சுவரைப் பார்த்துக் காட்டுவது போல அதை அவளிடம் காட்டிக்கொண்டே படி இறங்கினார்.

சொன்னபடி மறுநாள் அவரே கொண்டுவந்து வைத்தார். நான்கு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் ஏணிக்காரரின் மருத்துவத் தாளைப் படம் எடுத்துப் போட்டார்கள். எப்போதோ அவர் ஒரு டாக்டரிடம் தனியாகச் சொன்னது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஊரே படித்துவிட்டது, நான் ஒருத்தி படிக்காதவளாக இருந்துவிட்டுப் போகிறேன். இப்படிப்பட்ட ஆள் முகமூடியைக் குறை சொன்னால் யார் நம்புவது என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம்.

துறை உடனே விழித்துக்கொண்டது. யாருடைய ரகசியத்துக்கும் இல்லாத அக்கறை திடீரென்று பொங்கி வந்தது. அறையின் பதிவேட்டைப் பார்த்தார்கள். அந்த மாதத்தில் ஏணிக்காரரின் கோப்பை வாங்கிப் பார்த்தவர் ஒரே ஒருவர், ஏணிக்காரர். அனுதாபம் தேடித் தன் தாளைத் தானே பத்திரிகைக்குக் கொடுத்தார் என்று குற்றம் சாட்டி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தன் மானத்தைத் தானே திருடிய குற்றம். இதை எழுதிய கைக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்கிறோம் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

விசாரணைக்குத் தங்கையையும் கூப்பிட்டார்கள். எந்த எண்ணை யாருக்குக் கொடுத்தாள் என்று ஒப்புக்குக் கேட்க. முந்தின நாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள்.

என் கணவர் மின்சார மீட்டர் கணக்கு எடுக்கிறவர். ஊரில் எல்லா வீட்டு மீட்டரையும் வாசிப்பார். எங்கள் வீட்டில் யார் முகத்தையும் வாசிக்கத் தெரியாது.

"உனக்கு எதுக்கும்மா வம்பு? நூத்திப் பதினேழு குடுத்தேன்னு சொல்லு. பொய்யும் இல்ல, வம்பும் இல்ல."

"குடுத்தது அது. போனது வேற, மாமா."

"போனது வேறன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். படிச்சேன்னு சொல்லுவ. இத்தனை வருஷம் பொய் சொன்னியான்னு வேலைய விட்டுத் துரத்துவான். நீதான் பேப்பர்காரனுக்குக் குடுத்தேன்னும் சேத்து எழுதுவான். பென்ஷன் போச்சு, வீடு போச்சு. ஏணிக்காரனா வந்து வாடகை குடுப்பான்?"

சொன்னது அத்தனையும் சரி. அவர் வாழ்க்கையில் சரியாகப் பேசிய ஒன்றிரண்டு தடவைகளில் அதுவும் ஒன்று. நான்தான் அந்தச் சரியைக் கேட்கப் பிடிக்காமல் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கினேன்.

தங்கை எழுந்தாள். என் வெட்டு மேசை மேலிருந்து துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். இடது கையில்.

"அக்கா, படிக்கத்தான் தெரியும். எண்ணைத் தவிர எதையும் எழுதிப் பாத்ததே இல்ல. நான் எழுதறது சரியான்னு பாரு."

மேசைமேல் விரித்திருந்த கறுப்புத் துணியில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்தும் கோணவில்லை. அந்தத் துணி ஒரு வக்கீலின் கோட்டுக்கு வந்தது. தட்டிவிட்டுத்தான் தைத்தேன், ஆனால் உடனே தட்டவில்லை.

மறுநாள் நான் கூடவே போனேன். கதவு திறந்தே இருந்ததால் வெளிப் பெஞ்சிலிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது. விசாரித்தவர் வேறு துறையிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, தொண்டை கட்டிப்போய் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சென்ட் வாசனை, ஒரு பக்கம் தலைமை எழுத்தர், மூலையில் ஏணிக்காரர். பழக்க தோஷத்தில் அவர் இங்கேயும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்.

"அன்னைக்கு சாருக்கு எந்தக் கோப்பு குடுத்தீங்க?"

"நூத்திப் பதினேழும்மா. ஆனா அவர் எடுத்துட்டுப் போனது அது இல்ல. ஏணிக்காரரோடது."

துணை இயக்குநர் சிரித்தார். "மேடம், அது கைநாட்டு. அதுக்கு என்ன தெரியும்?"

"எண்ணைப் பாத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"எண்ணை அவர் உடம்போட ஒட்டி வச்சிருந்தார். பேர்தான் வெளிய தெரிஞ்சுது."

"பேர் தெரிஞ்சா உங்களுக்கு...?"

"படிச்சேம்மா."

தலைமை எழுத்தர் பதறிக்கொண்டு எழுந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனிதர். நாற்காலி நகர்கிற சத்தத்துக்கே வியர்ப்பவர். "மேடம், இவளுக்குப் படிக்கத் தெரியாது. போன வருஷம் குடுத்த உறுதிமொழி இதோ, கைநாட்டோட இருக்கு." சாட்சிக்குச் சாட்சியாக அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

அதிகாரி அதைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தார். "எங்க, படிங்க."

தங்கை விரலை வைத்துப் படித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. "எனக்கு எழுதவோ... படிக்கவோ... தெரியாது என்று... இதன் மூலம்... உறுதி கூறுகிறேன்."

அதிகாரி மிட்டாயைக் கடித்தது பெஞ்சுவரை கேட்டது.

துணை இயக்குநர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இவதான் மேடம்! படிக்கத் தெரிஞ்சத மறைச்சிருக்கா. இவதான் வெளிய குடுத்திருக்கா!"

"இருக்கலாம்," என்றார் அதிகாரி. பிறகு தங்கையைப் பார்த்தார். "இதைச் சொன்னா உங்க வேலைக்கு என்ன ஆகும்னு தெரியுமா? இவர் சொல்ற பழியும் உங்க மேல வரலாம். இப்பவும் சொல்லலைன்னு விட்டுடலாம்."

"தெரியும்மா. எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் பழக்கத்தில் மை டப்பாவை நகர்த்தினார். தங்கை அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள்.

அன்றே அவளையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெண் கொடுக்க இருந்த தெருக்காரர் மட்டும் வந்து, "அப்பவே படிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் துணை இயக்குநரின் டிரைவர் தானாகவே அந்த அதிகாரியிடம் போனார். கோப்பு வெளியே போன அன்று சாயங்காலம் சாரைப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டதையும், கையில் கோப்பு இருந்ததையும் சொன்னார். "கைநாட்டே கையெழுத்துப் போட்டுடுச்சு. எனக்கென்ன, நான் பத்தாவது பாஸ்" என்றாராம். அதற்கப்புறம் தலைமை எழுத்தருக்கும் ஞாபகசக்தி திரும்பியது. அன்று டீ குடித்துவிட்டு வந்தபோது தன் மேசை இழுப்பறைக்குள் நூற்றுப் பதினேழை யாரோ செருகிவிட்டுப் போயிருந்ததாகவும், அதைத் தாமே எடுத்து அலமாரியில் வைத்ததாகவும் சொன்னார். தைரியம் என்பது இந்த ஆட்களுக்கு இன்னொருத்தி முதலில் இறங்கி ஆழம் பார்த்த பிறகு வருகிற ஒன்று.

ஏணிக்காரர் வண்டியில் ஏறிவிட்டார். முகமூடிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். துணை இயக்குநரைப் பதவி இறக்கிக் கடலோரத்தில் நல்ல காற்று வருகிற ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். சென்ட் வாசனைக்கு அங்கே வேலை குறைவாக இருக்கும். ரகசிய அறைக்கு ஒரு பூட்டு வாங்கினார்கள். தங்கை அந்த அறைக்குத் திரும்பவில்லை. படிக்கத் தெரிந்ததை மறைத்ததற்குக் கண்டனம் எழுதி, ரப்பர் குழாய்களைச் சுருட்டி வைக்கிற கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே யார் எந்தக் குழாயை எடுத்தார்கள் என்று எழுதி வைக்கிறாள், இடது கையால்.

போன மாதம் அவள் ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். தன் கோப்பைத் தான் பார்க்க வேண்டும் என்று. சட்டத்தில் இடம் இருக்கிறது; மறுக்க முடியவில்லை. இத்தனை வருடம் அவள் அடுக்கித் துடைத்த அறையில், அவள் திறந்து படித்த ஒரே கோப்பு அதுதான். உள்ளே என்ன என்று என்னிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. "என் ரகசியம், உனக்கெதுக்கு?" என்று சிரித்தாள். ஒரே ஒரு தாளைப் பற்றி மட்டும் சொன்னாள். வருடா வருடம் வைத்த கட்டைவிரல் ரேகைகளுக்கெல்லாம் மேலே, விசாரணையில் அவள் கொடுத்த அந்த வாக்குமூலத்தைக் கோத்து வைத்திருக்கிறார்களாம். அடியில் அவள் பெயர், நேராக, கோணாமல். பக்கத்தில் தேதியையும் அவளையே எழுதச் சொல்லியிருந்தார்கள்: அக்டோபர் 9, 2018.